பலகை காப்பாற்றுமா?

விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் பத்திரிகையைப் பிரிப்பதற்கே எனக்குப் பயமாயிருக்கிறது. பொங்கலோ, ரம்ஜானோ, கோடை விடுமுறையோ, எது முடிந்தாலும் சரி, உள்பக்கத்து மூலையில் ஆறேழு வரிச் செய்தி ஒன்று காத்திருக்கும். ஊர் மாறும், வயது மாறும், செய்தி மாறாது. சுற்றுலா வந்த வாலிபர்கள் கடலில் குளிக்கும்போது அலையில் சிக்கி மாண்டார்கள் என்று அது சொல்லும். அதோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் வரும் பாருங்கள்: எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தும் அதை மீறிக் குளித்ததாகத் தெரிகிறதாம்!

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

அதைப் படித்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? ஒரு விநாடி, "ஐயோ பாவம்" என்கிறோம். அடுத்த விநாடி, "சொன்னால் கேட்டால்தானே?" என்கிறோம். காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பலகை வைத்தவர்கள் கடமையைச் செய்துவிட்டார்கள், செத்தவர்கள் குற்றவாளிகள், வழக்கு முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புக் கிடைக்கும் நீதிமன்றம் நம் தேசத்தில் வேறெங்கும் இல்லை.

மூழ்குகிறவனுக்குப் பலகை உதவும் என்று கப்பல் கதைகளில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் அது மரப்பலகையாய் இருக்க வேண்டும். தண்ணீரில் மிதக்க வேண்டும். நம் கடற்கரைப் பலகையோ தகரத்தால் ஆனது. கரையில் கம்பத்தின்மேல் ஏறி நிற்பது. கழற்றிக் கடலில் போட்டாலும் நமக்கு முன்னால் அது முழுகிவிடும்!

நான் கடற்கரைக்காரன் அல்ல, வாணியம்பாடிக்காரன். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஏலகிரி மலை எங்களுக்குப் பக்கத்து வீடு. கடல் தூரத்து உறவு. கலியாணம் காட்சிக்குப் பார்ப்பதுபோல, ஆண்டுக்கு ஒரு தரமோ ஆயுளுக்கு ஒரு தரமோ போய்ப் பார்த்துவிட்டு வருவோம். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிற பிள்ளைகள் மாதா மாதம் கொஞ்சம் பணம் சேர்த்து, ஒரு வேன் பேசி, நடுராத்திரிக்குமேல் புறப்பட்டால், பொழுது விடிகிற நேரத்துக்கு மாமல்லபுரம். வேனின் பின்புறத்தில் பிரியாணி அண்டாவும் பத்திரமாகக் கூட வரும். கடலைக் கண்டதும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றுகிற மலர்ச்சி இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்தப் பலகை நிற்கும்?

அந்த வேன் வருகிற வழியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வழிநெடுகப் பாலாறும் கூடவே வருகிறது. அதுவும் அதே கடலுக்குத்தான் போகவேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்துக்கு அப்பால், வயலூர் அருகில் வங்கக் கடலில் கலக்கிறது என்று பூகோளப் புத்தகம் சொல்கிறது. ஆண்டில் பெரும்பகுதி கலப்பதற்கு அதில் தண்ணீர்தான் இருப்பதில்லை.

ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது. 1903-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடிக்குள் புகுந்து ஏராளமான உயிர்களைக் கொண்டுபோன கதையை எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த ஆற்றிடம் ஜனங்களுக்குப் பயமும் இருந்தது, பழக்கமும் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆற்று மடுவிலும் தோட்டக் கிணற்றிலும் நீந்தக் கற்றார்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். நாலு நாள் அழுவான். ஐந்தாம் நாள் ஏறச் சொன்னாலும் ஏறமாட்டான்.

பிறகு ஆற்று மணலை லாரிகள் கொண்டுபோயின. நிலத்தடியில் மிஞ்சிய நீரைத் தோல் கழிவு கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீரையும் நிலத்தையும் கெடுத்தவனே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்று எங்கள் பகுதித் தோல் தொழிற்சாலைகள் சம்பந்தமான வழக்கில்தான் தீர்ப்புச் சொல்லிற்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. குடிநீர் போயிற்று, பயிர் போயிற்று என்று நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார்கள். எந்தக் கணக்கிலும் ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் நீச்சல் தெரியாமலே வளர்ந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் பிறந்தும் முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீரில் நின்றறியாத பிள்ளைகள் அவர்கள். அவர்களைத்தான் நாம் நேரே சமுத்திரத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். அங்கே பலகை ஒன்று அவர்களைப் பார்த்து, "குளிக்காதே" என்கிறது.

இதையெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்ல வெட்கமாயிருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் தெருப் பிள்ளைகளோடு நானும் அப்படி ஒரு வேனில் போனேன். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே ஒரு கடற்கரை. இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளைவெளேரென்று உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கறுத்து, குளம்போல் இருந்தது. கூட்டத்தில் வயதானவனும் படித்தவனும் நான்தான் அல்லவா? "அங்கே அலை அதிகமாய் இருக்கிறது, வேண்டாம். இதோ, இந்த இடத்தில் இறங்குங்கள்" என்று இடம் பார்த்துக் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தான். அவன் நீந்தவில்லை, நின்ற நிலையிலேயே யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல் போனான். முதலில் கையை ஆட்டிச் சிரித்தான். பிறகு கை மட்டும் ஆடியது. அவனுடைய தாயார் கரையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வேன் டிரைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்கப் போனார். அவருக்கும் நீச்சல் தெரியாது. வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, மூடிபோட்ட காலிப் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் நேராகப் பையனை நோக்கிப் போகவில்லை. பக்கவாட்டில் போய்ச் சுற்றிக்கொண்டு அவனை அடைந்தார். கேனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வேறு ஓரிடத்தில் அலையோடு அலையாகக் கரை சேர்த்தார்.

பையன் பிழைத்தான். பெரியவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்:

"எடம் பாத்து எறக்கிவிட்டது யாரு?"

"நான்தான், பெரியவரே."

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க" என்றார். எனக்கு இன்றுவரை கிடைத்த விமரிசனங்களில் கடுமையானது அதுதான். "அலை ஒடையாத எடமாப் பாத்து எறக்கியிருக்கீங்க, ஐயா. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வாசப்படி அது. வாசப்படியிலே போயி நின்னா, வெளியே போறது உங்களையும் சேத்துத் தள்ளிக்கிட்டுத்தானே போவும்?"

கடல் சாஸ்திரம் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அலைகள் தண்ணீரைக் கரையில் கொண்டுவந்து குவிக்கின்றன. குவிந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். கடலடி மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அங்கே ஒரு வாய்க்கால்போல் திரண்டு அது கடலை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலும் பத்து முதல் முப்பது மீட்டர் அகலம் இருக்கும். ஆழம் அதிகமாதலால் அங்கே அலை உடைவதில்லை. நீர் கறுத்தோ கலங்கியோ தெரியும். நுரை கடல்பக்கமாக நகரும். வேகம் மிகும்போது விநாடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் போகும். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவன்கூட அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது.

அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை. கரையிலிருந்து வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஆளைக் கொல்வது பயமும் களைப்பும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துகிறவன் சில நிமிஷங்களில் சோர்ந்து மூழ்குகிறான். எதிர்க்காமல் மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட்டு, நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடைகிற இடத்தின் வழியாகத் திரும்புகிறவன் பிழைக்கிறான்.

இப்போது சொல்லுங்கள். இதில் ஒரு வரியாவது அந்தப் பலகையில் எழுதியிருக்கிறதா? "அலை இல்லாத இடத்தில் இறங்காதே" என்று எழுத எவ்வளவு பெயிண்ட் செலவாகும்? "ஆழமான பகுதி, குளிக்கத் தடை" என்று இருநூறு மீட்டருக்கு ஒரு பலகை வைத்தால், எங்கள் ஊர்ப் பிள்ளை என்ன நினைப்பான்? பலகை இருக்குமிடம் ஆபத்து, இல்லாத இடம் பத்திரம் என்றுதானே நினைப்பான்? எல்லா இடத்திலும் வேண்டாம் என்று சொல்கிறவன், எந்த இடத்திலும் ஒன்றும் சொல்லாதவனுக்குச் சமானம்.

விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 சாட்சி. நம் கரைகளை ஆழிப்பேரலை சூறையாடிய அதே காலையில், தாய்லாந்தின் பூக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் பூகோள வகுப்பில் கேட்ட பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு கத்தினாள். அந்தக் கடற்கரையில் இருந்த நூறு பேர் அளவில் பிழைத்தார்கள். அவளைக் காப்பாற்றியது ஒரு பள்ளிக்கூட வகுப்பு.

ஆஸ்திரேலியர்கள் கடலை நம்மைவிட நேசிக்கிறவர்கள். "குளிக்காதே" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஆகையால், "இங்கே குளி" என்று சொன்னார்கள். 1907 முதலே உயிர்காக்கும் சங்கங்களை அமைத்து, கரையில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு, அவற்றுக்கு நடுவில் குளிக்கும்படி பழக்கிவிட்டார்கள். அன்றன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துக் கொடிகளை மாற்றி நடுவார்கள். 1938 பிப்ரவரி 6-ஆம் தேதி சிட்னியின் பாண்டைக் கடற்கரையில் திடீரென்று எழுந்த அலைகள் 200-க்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயின. கரையில் காத்திருந்த தொண்டர்கள் பாய்ந்து மீட்டார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். அங்கே பலகை மட்டும் இருந்திருந்தால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அது வெள்ளைக்காரன் தேசம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். கோவாவில் 2008 முதல் கடற்கரைதோறும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்களை அரசாங்கம் நிறுத்தியிருக்கிறது. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. நீரின் தூய்மை, துப்புரவு, பாதுகாப்பு என்று 33 நிபந்தனைகளைப் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. சென்னையிலும் அண்மை ஆண்டுகளில் உயிர்காப்புப் பணிக்கு ஆட்களை நியமித்திருக்கிறார்கள். ஆகவே, நம்மால் முடியாதது ஒன்றுமில்லை. கோவளத்தில் முடிந்தது மற்றக் கடற்கரைகளில் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன்.

சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறது. பலர் அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருப்பீர்கள். 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிர்விட்ட ஷ்மித் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவுச் சின்னம் அது. காப்பாற்றப் போனவருக்குக் கல் கட்டினோம். அவர் செய்த வேலையைச் செய்ய ஆள் போடுவதற்கு இத்தனை வருஷம் யோசித்தோம்.

"சர்க்காருக்குப் பணம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. வேன் நிறுத்துவதற்குக் கட்டணம் வாங்க ஆள் இருக்கிறது. கோயில் சிற்பம் பார்க்கச் சீட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஓர் ஆளுக்கு மட்டும் பணம் இல்லையா? ஆளைத் தேடிக்கொண்டு அலையவும் வேண்டாம். ஒவ்வொரு குப்பத்திலும் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மிதவையும் மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும்.

"ஜனங்கள் கேட்கமாட்டார்கள்" என்பவர்கள் உண்டு. கொடி நட்டு, விசில் ஊதி, இடம் காட்டிப் பார்த்த பிறகு சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

"விதி" என்பவர்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். விதிக்கு அப்படி என்ன ஏழைகள்மேல் தனிப்பட்ட விரோதம்? பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டிச் சிறுவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். மூங்கிலுக்கும் விதிக்கும் நடந்த போட்டியில் அங்கே மூங்கில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

சர்க்கார் விழித்துக்கொள்ளும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்கமாட்டார்கள். ஆகையால் கடலுக்குப் போகிற குடும்பத்தாருக்கு, அடிபட்டுக் கற்றுக்கொண்டவன் என்ற உரிமையில் நாலு வார்த்தை.

படத்தில் அழகாய் இருக்கிறதென்று கடற்கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காவலுக்கு ஆள் இருக்கிறதா, குளிக்க இடம் குறித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சான்று பெற்ற கடற்கரையானாலும், நீங்கள் போன வேளையில் காவலாள் இருக்கையில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இல்லாவிட்டால் உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் அவர்கள் சொல்வது வேடிக்கைப் பேச்சல்ல. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்து அடங்கியது. மன்னார் வளைகுடாப் பக்கம் சீறுவது. இரண்டும் கூடுகிற முனையிலோ கால்கூட நனைக்கக் கூடாது. இந்த ஞானம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஆற்று முகத்துவாரம், பாறை, கடலரிப்புக்காகக் கல் கொட்டிய இடம், இம்மூன்றின் அருகிலும் நீரோட்டம் பொல்லாதது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் கிழக்குக் கடற்கரையில் கடலைக் கரையிலிருந்து பார்ப்பதே உத்தமம். குடித்தவனைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். சிறு குழந்தை எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே இருக்கட்டும். இறங்குவதற்கு முன் பத்து நிமிஷம் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பாருங்கள்.

யாரேனும் இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒரு சாவு மூன்று சாவாவது அப்படித்தான். மூடிய காலிக் கேன், டயர் டியூப், எது மிதக்குமோ அதை எறியுங்கள்; மீனவரைக் கூப்பிடுங்கள்; 108-க்குச் சொல்லுங்கள். கரை சேர்த்தவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் அவனுக்கு வேண்டியது வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சும் மார்பழுத்தமுமே. அதைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறான். கலியாணமாகி ஒரு பெண் குழந்தை. என்னைத் தெருவில் கண்டால், "வணக்கம் சார்" என்று சிரிப்பான். அவன் தாயார் மட்டும் சிரிப்பதில்லை. அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். பெரியவர் அன்று வலையை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால், மறுநாள் பத்திரிகையின் மூலையில் ஆறேழு வரி வந்திருக்கும். பலகையை மீறினான் என்று அதன் கடைசி வாக்கியம் சொல்லியிருக்கும். இடம் காட்டிய நாவலாசிரியரைப் பற்றி அதில் ஒன்றும் இருந்திராது.

இந்த விடுமுறைக்கும் எங்கள் ஊரிலிருந்து வேன்கள் புறப்படும். அண்டா ஏற்றுகிற நேரத்தில் நான் போய் நிற்கப்போகிறேன். அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள் என்று ஒவ்வொரு வேனிலும் சொல்லப்போகிறேன். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்களும் உங்கள் தெருவில் போய் நின்று சொல்லுங்கள்.